கரடியின் இடது கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகும், கடைசியில் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முதலில் உட்கார், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு உட்கார், அப்புறம் படி.

வீட்டுச் செய்தி முதலில். குளியலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டுகிறது. ஊருக்கே தண்ணீர் ஏற்றின மனுஷர் வீட்டில் குழாய் ஒழுகுகிறதா என்று கீழ்வீட்டு அச்சகக்காரர் கிண்டல் செய்கிறார், அப்பாவிடம் சொன்னால் எங்கே சொட்டுகிறது என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். தையல் கடையில் வேலைக்குக் குறைவில்லை, புதிதாகத் தைப்பது குறைந்து பிரித்துத் தைப்பதுதான் அதிகம். பல் டாக்டர் மூன்று கால்சட்டையைக் கொண்டுவந்து போட்டார், துவைத்ததில் துணி சுருங்கிவிட்டதாம், அவர் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். நானும் ஆமாம் டாக்டர், இந்தக் காலத்துத் துணியே இப்படித்தான் என்று சொல்லி இடுப்பில் இரண்டு அங்குலம் விட்டுக் கொடுத்தேன். ஊசியில் நூல் கோர்க்கத்தான் இப்போதெல்லாம் நாலு தடவை முயல வேண்டியிருக்கிறது. நீ இருந்தால் ஒரே முயற்சியில் கோர்த்துக் கொடுத்துவிட்டு ஓடுவாய். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், கை எழுதிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை செய்த மலைப் படத்தை நாங்கள் பார்த்துவிட்டோம். நம் நூலகத்து மாடிக்கூடத்தில் போட்டார்கள், உயர்ந்த மலைகளில் வாழும் விலங்குகளைப் பற்றிய படம், குடும்பத்தோடு வரலாம், கட்டணம் கிடையாது என்று நோட்டீஸ். அதை அச்சடித்ததே நம் அச்சகக்காரர்தான். படத்தின் பெயரைப் பார்த்ததும் மை காயாத தாளோடு நாற்பத்திரண்டு படியும் ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார், "இது உங்க பொண்ணு போயிருக்கிற படம்தானே, நல்லாப் பாருங்க" என்றார். அப்பா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போய் இன்னும் ஒரு கட்டு வாங்கிவந்து, முடிவெட்டும் கடை, மருந்துக் கடை, பழைய நீரேற்று நிலையத்துக் கதவு என்று ஒரு இடம் விடாமல் ஒட்டிவிட்டு வந்தார். பார்த்தவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு ரெண்டு வருஷமா அந்த மலையிலதான் கெடக்கறா, சிறுத்தைக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறா" என்று ஒரே பெருமை. முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். நானும் குறைந்தவள் இல்லை. இரண்டு குளிர்காலமாக உனக்கு ஆறு ஜோடி கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினேன், இரட்டை நூல் போட்டு. கிடைத்தது, சூடாக இருக்கிறது என்று நீயும் எழுதினாய். நீ வராததற்கு யார் காரணம் கேட்டாலும் பனி வழியை மறித்துக்கொண்டிருக்கிறது, அவள் என்ன செய்வாள் பாவம் என்று சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி நானே அந்தப் பனியைக் கண்ணால் பார்த்தவள் மாதிரி ஆகிவிட்டேன்.

படத்தன்று அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார், படம் ஐந்து மணிக்கு. கூடத்து வாசலில் நூலகப் பெண்மணி வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எத்தனை பேர் என்று கேட்டதும் இவர் சட்டென்று மூன்று என்றார். நான் முழங்கையால் இடித்தேன். "அவளும்தானே படத்துல வர்றா, மூணுதான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில், ஓரத்தில் பெரிய ஒலிபெருக்கி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி பிடித்தார். நடு நாற்காலியில் கோட்டை மடித்து வைத்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது, பின்னால் ஆட்கள் நின்றார்கள், இரண்டு பேர் வந்து இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். "ஆள் இருக்கு, வந்துடுவாங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் கோட்டை எடுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை கண்ணு.

விளக்கை அணைத்தார்கள். படம் என்றால் அப்படி ஒரு படம். குழந்தைகள் கூட்டம் வேறு, பனிச்சிறுத்தை பாய்ந்தால் அத்தனையும் ஒன்றாக வீறிடுகிறது, மலையாட்டுக்குட்டி தப்பித்தால் கைதட்டுகிறது, ஒரு கைக்குழந்தை கழுகைப் பார்த்து அழுது அதன் தகப்பன் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். நாங்கள் சிறுத்தையையா பார்த்தோம்? உன்னைத்தான் தேடினோம். பாறைக்குப் பின்னால் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்வார், அது பாறையாகவே இருக்கும். ஒரே ஒரு இடத்தில் தூரத்தில் யாரோ தடித்த உடுப்பு போட்டுப் பனியில் நடந்தார்கள், அந்த நடை உன்னுடையது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு இடம் வந்தது. சிறுத்தை செங்குத்தான சரிவில் பதுங்கிப் பதுங்கி இறங்குகிறது, அதன் காலடியில் சின்னச் சின்னக் கல் பெயர்ந்து உருண்டு கீழே போகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் பொத்தான் டப்பா. முப்பது வருஷமாக நான் சாய்த்துத் தேடிய டப்பா. சாய்த்தால் முதலில் சட்டைப் பொத்தான்கள் சரசரவென்று ஓடும், பின்னாலேயே கோட்டுப் பொத்தான்கள் குதித்துக்கொண்டு வரும், கடைசியில் இரும்புக் கொக்கிகள் கரகரவென்று தகரத்தைச் சுரண்டிக்கொண்டு வந்து நிற்கும். அதே வரிசை, அதே சுரண்டல். நீ போன நாளிலிருந்து அந்த டப்பாவைக் காணவில்லை. அப்பாதான் ஒழிக்கிறேன் பேர்வழி என்று பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார் என்று நான்கு வருஷமாக அவரைப் போட்டு வறுத்தெடுத்திருக்கிறேன். நான் தொடவே இல்லை என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், ஒரு தடவையாவது நம்பினேனா? ஆனால் மலையில் என் டப்பா எப்படி வரும்? உன்னையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எல்லாம் நம் வீட்டுச் சத்தமாகக் கேட்கிறது, புத்தி பேதலித்துவிட்டது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கரடி. குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கின தாய்க்கரடி எழுந்து வெளியே வருகிறது, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி, பேச்சு இல்லை, பாட்டு இல்லை, கரடியின் காலடி மட்டும் மெத்து மெத்தென்று கேட்கிறது. அதுவரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நடு நாற்காலியில் கோட்டின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவே இல்லை, ஒலிபெருக்கி அதிர்வதெல்லாம் அந்த நாற்காலியில் ஏறியிருக்கிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். உனக்குத் தெரியுமே, நீரேற்று நிலையத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பாரே, பேரிங் போகப்போகிறது, இன்னும் பத்து நாள்தான் தாங்கும் என்று சொல்வாரே, அதே சாய்வு. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "இந்தா, நம்ம பொண்ணு மாடி ஏறி வர்றா" என்றார். கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள், பின்னாலிருந்து யாரோ உஸ் என்றார்கள். சும்மா இருங்க, அது கரடி என்றேன். "கரடியா? எடது காலக் கேளு" என்றார். கேட்டேன். வலது கால் அழுத்தமாக விழுகிறது, இடது கால் விழுவதற்கு முன்னால் ஒரு நூல் அளவு இழுக்கிறது. ஒன்பது வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நீரேற்று நிலையத்து இரும்புப் படியில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாயே, அதிலிருந்து வந்த இழுப்பு. வேறு யாருக்கும் தெரியாது, உனக்கே தெரியுமோ என்னவோ. படியை அன்று கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டது தன் தப்புதான் என்று அவர் இன்றைக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து நீ மாடி ஏறும்போதெல்லாம் அந்த இடது காலைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து பெயர்களெல்லாம் ஓடின, அதற்குள் குழந்தைகள் எழுந்து முன்னால் குதித்ததில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. விளக்கைப் போட்டதும் படம் பிடித்தவர் மேடைக்கு வந்தார், நீளத் தாடிக்காரர், நல்ல மனுஷர், பேச்சுதான் முணுமுணுப்பு. குழந்தைகள் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து, இவ்வளவு பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் கரடி கடிக்காதா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, நாங்க எதிர் மலையில இருந்தோம்மா, அங்கேருந்து கேட்டா காத்துச் சத்தம் மட்டும்தான் கேக்கும், நீங்க கேட்டதெல்லாம் ஒரு அக்கா கையாலயும் காலாலயும் செஞ்சது என்றார். ஜன்னலே இல்லாத ஒரு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே செய்ததாம். ஒரு பெரிய தட்டில் ஒரு மூட்டை மாவைப் பரப்பி அதன்மேல் நடந்தால் பனியில் நடக்கிற சத்தமாம், கரடிக்கு நாலு கால் என்பதால் முன்னங்காலுக்கு ஒரு தடவை, பின்னங்காலுக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை நடந்தாளாம். கழுகுச் சிறகுக்குத் தோல் கையுறையாம். ஏழு மாசம் பனியில் கிடந்தவன் நான், ஆனால் அவள் மலைப்பக்கமே வந்ததில்லை, அவள் செய்த சத்தத்தைக் கேட்டபோதுதான் நான் எங்கே இருந்துவிட்டு வந்தேன் என்றே எனக்குத் தெரிந்தது என்று சொல்லிவிட்டு அவள் பெயரைச் சொன்னார். உன் பெயர்.

என்னைச் சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். அச்சகக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். அப்பாவும் கைதட்டிக்கொண்டு, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். அவருக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன். அந்த நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டி, சிறுத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று மார்தட்டிவிட்டு வந்திருக்கிற மனுஷர். ஏதோ சொன்னார் என்று மழுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் கீழே இறங்குவதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர் காதுக்கு அருகில் வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மலைக்கு நீ போகவே இல்லை என்பதையும் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் அந்தக் கோட்டைக் கையால் நீவிவிட்டார். "அப்ப அவ கீழ விழமாட்டா" என்றார். இரண்டு குளிர்காலமாக அவர் தூங்காமல் புரண்டது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோட்டை எடுத்து அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். வாசலில் அச்சகக்காரரைப் பார்த்ததும் இவரே முந்திக்கொண்டு, "கரடிச் சத்தம் எம்பொண்ணோடது, கேட்டீங்களா?" என்றார்.

நீ கிளம்பின அன்று அவர் சொன்னது எனக்கும் மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. சத்தத்துக்காகத் தட்டுவதும் உதைப்பதும் ஒரு வேலையா, மலை ஏறினேன், மிருகம் பார்த்தேன் என்றாவது சொன்னால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மலைப் படத்தில் வேலை என்று நீ எழுதினதும் நாங்களாகவே உன்னை மலையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டோம், நீயும் அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இறங்காமல் இருந்துவிட்டாய். அதில் எனக்குக் கோபமில்லை. காலுறைக்குப் பொய் சொன்னதில் கொஞ்சம் கோபம் உண்டு, அந்த அறையில் வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்தாய், கரடிக்காவது போட்டாயா? ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அப்பா நின்றுவிட்டார். தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "மலையும் இல்ல, பனியும் இல்ல. அப்ப ஏன் வரல?" என்று கேட்டார். பனி இருந்தவரை எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யாரிடமும் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நீ ஒன்றை மறைத்தாய் என்றால் நாங்களும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருக்கிறோம். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பாவிடம் கொடு என்பாய், அவர் ரிசீவரை வாங்கி ம், ம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு என்னிடமே நீட்டிவிடுவார். இன்னும் கோபம் போகவில்லையா என்று நீ கேட்டதற்கெல்லாம் நான் போகப் போகச் சரியாகிவிடும் என்று மழுப்பினேன். கோபம் இல்லை. உன் குரல் அவருக்குக் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் அந்த மோட்டார்களுக்கு நடுவில் நின்ற காது, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. குழாய் சொட்டுவது கேட்கவில்லை, அழைப்பு மணி கேட்கவில்லை, படத்தில் அந்தப் பொத்தான் சத்தமும் கேட்டிருக்காது. மெல்லிய சத்தம் முதலில் போகும், கனத்த சத்தம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டிக்கொள்ளக் கருவி கொடுத்தார், அது வந்த பெட்டியோடு அலமாரியில் தூங்குகிறது, மிஷினால் போன காதுக்கு இன்னொரு மிஷினா என்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். சத்தத்தைத் தொழிலாக வைத்திருக்கிற பெண்ணிடம் அப்பாவுக்குக் காது போகிறது என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டார். வாயால் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் அவர் நாற்காலியை மாடிப்படிக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்கிறார். காற்று நன்றாக வருகிறதாம். அங்கே ஒரு காற்றும் வராது என்று உனக்கும் தெரியும். அச்சகக்காரர் ஏறுவது, தபால்காரர் ஏறுவது எல்லாம் காலை ஊன்றிய தரை வழியாகவே தெரிந்துவிடுகிறது, யாரென்று சரியாகச் சொல்கிறார், சொல்லிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொள்கிறார்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை, உன் வேலை என்ன என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்திருக்கிறது, அதை விடவே விடாதே. நான்கு நாள் வந்துவிட்டுப் போ. எண்ணெய் தேய்க்காமல் குதிகால் வெடித்துப்போயிருக்கும், மாவில் நடக்கிற கால், கவனமாக வைத்துக்கொள். தூசியில் வேலை செய்கிறாய், சுடுதண்ணீர் குடி. நீ எல்லாச் சௌகரியமும் பெற்று, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல உடம்போடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பொத்தான் டப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை, அது உன்னிடமே இருக்கட்டும், இனிமேல் அப்பாவை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிறேன் என்று முன்னால் சொல்லாதே. சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை நான் கடையில் இருப்பேன், அந்த நேரமாகப் பார்த்து வா, நான் உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். மெத்தென்ற செருப்பு வேண்டாம், கனமான காலணி போட்டுக்கொண்டு வா. மணியை அடிக்காதே, கதவைத் தட்டாதே, கூப்பிடவும் கூப்பிடாதே. நாற்பத்திரண்டு படியும் ஏறி வா. கதவை அவரே வந்து திறப்பார்.

நீ வரும் நாளுக்காகக் கடையைச் சாயங்காலத்தில் ஒரு நாளும் மூடாமல் காத்திருக்கும்
உன் அம்மா